இன்பொக்ஸ் ஒரு பெரட்டுக்களம்: கணினிக் கடிதங்களை அடுக்கி வைப்பது பற்றிய பாடம்



நமது தோட்டங்களுக்குக் கடிதம் வந்து சேர்ந்த விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். டவுன் தபால் கந்தோரில் இருந்து தப்பால்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வருவார். பை நேரே ஆபிசுக்குப் போகும். லயத்துக்கென்று தனி விலாசம் கிடையாது. கடிதத்தில் தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் இருந்தால் அதுவே பெரிய காரியம். ஆபிஸ் மேசையில் கிடந்து, அந்தப் பக்கமாகப் போகிற யாராவது ஒருவர் கையில் கொடுத்தனுப்பி, அவர் சட்டைப் பையில் இரண்டு நாள் இருந்து, அப்புறம்தான் வீட்டுக்கு வரும். இன்றைக்கும் எத்தனையோ தோட்டங்களில் இதே கதைதான். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த கடிதத்தை வைத்துக்கொண்டு அழுத பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஈமெயில் என்கிற மின்னஞ்சல் வந்தபோது இந்தத் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தோம். விண்ணப்பப் படிவத்தில் மின்னஞ்சல் விலாசம் கேட்டால், சொந்த விலாசம் இல்லாதவர்கள் எங்கள் நலன்புரி அலுவலகத்தின் விலாசத்தை எழுதினார்கள். நாங்களும் சந்தோசமாகச் சம்மதித்தோம். அப்படிச் சம்மதித்ததன் மூலம் பழைய தப்பால் பையை நாங்களே தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டோம் என்பது பிறகுதான் விளங்கியது.

2023ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறோம். உயர்தரம் படித்து முடித்த ஒரு தங்கச்சி, பயிற்சி நெறி ஒன்றுக்கு எங்கள் விலாசத்தைக் கொடுத்து விண்ணப்பித்திருந்தது. நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. நாங்கள் காணவில்லை. கண்டபோது திகதி போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது. அந்தப் பிள்ளை, “பரவாயில்லை சேர், அடுத்த முறை போடுறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. ஆனால் தாயார் விடவில்லை. அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடு வந்து வாசலில் நின்றார். “தபாலா இருந்தா ஆபிஸ் மேசையில கெடந்திச்சின்னு சொல்லலாம். இது எங்க ஐயா கெடந்திச்சி?” என்று கேட்டார்.

அந்த அம்மாவுக்கு அன்றைக்கு எங்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. பிறகு நாங்கள் தேடிப் படித்ததைத்தான் இந்தப் பாடமாக எழுதுகிறோம். வீட்டில் கணினி உள்ளவர்களுக்கும், வாசிகசாலைக் கணினியில் உட்காரும் பிள்ளைகளுக்கும் இது உதவும். கணினி பக்கமே போகாத பெற்றோரும் வாசிக்கலாம். பிள்ளையிடம் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதாவது தெரியும்.

முதலில் பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் பாவிப்பது தண்டர்பேர்ட் என்னும் கடித மென்பொருள். மொஸில்லா அமைப்பினர் 2004 டிசம்பரில் இதன் முதலாம் பதிப்பை வெளியிட்டார்கள். காசு கட்டத் தேவையில்லை. பழைய கணினியிலும் ஓரளவுக்கு ஓடும். போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். போனில் வாசிக்கலாம், உண்மை. ஆனால் போன் தொலையும், விழுந்து உடையும், அவசரத்துக்கு அடகுக் கடைக்கும் போகும். ஐந்து வருடத்துக் கடிதங்களை ஒழுங்காக அடுக்கி, ஒரு பிரதியும் எடுத்து வைக்க வேண்டுமானால் பெரிய திரையும் மவுசும்தான் வசதி.

தண்டர்பேர்டைத் திறந்தால் இடது கைப் பக்கம் போல்டர்கள் வரிசையாக நிற்கும். போல்டர் என்றால் கோப்பு, ஆபிசில் கிளாக்கர் ஐயா வைத்திருக்கும் பைல் மாதிரி. வரும் கடிதமெல்லாம் முதலில் இன்பொக்சில் விழும். அதை நமது பெரட்டுக்களம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் எல்லாரும் பெரட்டுக்கு வருகிறார்கள். யார் எந்த மலைக்கு என்று பேர் வாசித்ததும் கலைந்து போகிறார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கும் ஆட்கள் பெரட்டுக்களத்திலேயே நின்றால் அந்தத் தோட்டம் என்னவாகும்? நாங்கள் கணக்குப் பார்த்த அன்றைக்கு எங்கள் இன்பொக்சில் நாலாயிரத்துக்கு மேல் கடிதங்கள் நின்றுகொண்டிருந்தன. வாசித்தது எது, பதில் போட்டது எது, விளம்பரம் எது, ஒரு பிள்ளையின் தலையெழுத்து எது, ஒன்றும் தெரியாது.

புதுப் போல்டர் திறப்பது மிக இலேசு. இடது பக்கத்தில் உங்கள் விலாசத்தின் மேல் மவுசின் வலது பொத்தானை அமுக்கினால் நியூ போல்டர் என்று வரும். பெயர் கொடுத்தால் முடிந்தது. ஒரு போல்டரின் மேல் அப்படியே அமுக்கினால் அதற்குள் இன்னொரு சின்னப் போல்டர் திறக்கலாம். கடிதத்தை மவுசால் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள்ளே விடலாம். இழுக்கும்போது கை தவறி வேறு போல்டரில் விழுந்துவிடுவது உண்டு. உடனே கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அமுக்கினால் பழைய இடத்துக்குத் திரும்பும். பழகும் வரைக்கும் இழுக்காமல், கடிதத்தின் மேல் வலது பொத்தானை அமுக்கி மூவ் டு என்பதைத் தெரிந்து அனுப்புவது பத்திரம்.

கஷ்டம் எங்கே இருக்கிறதென்றால், எத்தனை போல்டர், என்ன பெயர் என்பதில்தான். நாங்கள் முதலில் உற்சாகத்தில் முப்பது முப்பத்தைந்து திறந்துவிட்டோம். அதில் பாதிக்குள் ஒரு கடிதம்கூட இல்லை. ஒரு கடிதத்தை எதில் போடுவது என்று யோசிக்க அரை நிமிடத்துக்கு மேல் எடுத்தால் நாம் போட மாட்டோம், அது பெரட்டுக்களத்திலேயே நிற்கும். ஒரு குடும்பத்துக்கு ஆறு ஏழு போதும். பள்ளிக்கூடமும் பரீட்சையும் ஒன்று. வேலையும் சேமலாப நிதியும் ஒன்று. வங்கிக்கு ஒன்று. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை போன்றவற்றின் பிரதிகளுக்கு ஒன்று. வெளிநாட்டில் ஆள் இருந்தால் அதற்கொன்று. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு போல்டர் வேண்டும். “1 செய்ய வேண்டியது”, “2 பதிலுக்குக் காத்திருப்பது” என்று இலக்கம் போட்டுப் பெயர் வையுங்கள். போல்டர்கள் வழக்கமாக எழுத்து வரிசையில் நிற்பதால், இலக்கம் போட்டது மேலே வந்துவிடும்.

இந்த இரண்டு போல்டரும்தான் உயிர்நாடி. மற்றவை எல்லாம் அலுமாரி. விண்ணப்பம் அனுப்பினீர்களா? அனுப்பிய கடிதம் சென்ட் என்ற போல்டரில் தானாக விழும். அதன் மேல் வலது பொத்தானை அமுக்கி, கொப்பி டு மூலம் ஒரு பிரதியை இரண்டாம் போல்டரில் போடுங்கள். பதில் வந்ததும் அதை எடுத்துவிடுங்கள். மூன்று கிழமையாக ஒரு கடிதம் அங்கேயே நின்றால், போன் எடுத்து விசாரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தங்கச்சியின் விண்ணப்பம் அப்படி ஒரு போல்டரில் நின்றிருந்தால் நாங்கள் முன்கூட்டியே விசாரித்திருப்போம்.

பெயரைத் தமிழிலும் வைக்கலாம். ஆனால் யூனிகோட் எழுத்தில் அடியுங்கள். நம் நாட்டில் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் அநேகம் பேர். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பாமினிக் கடிதம் ஆங்கில எழுத்துக் குப்பை மாதிரித் தெரியும். தமிழில் பெயர் அடித்துத் தேடினாலும் அகப்படாது.

சேமலாப நிதிக் கடிதத்தை ஏன் தனியாக வைக்கச் சொல்கிறோம் என்று கேட்பீர்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி சேர்கிற பணம் அது. நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளி பக்கத்தில் நூற்றுக்கு 12. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கப் போகும்போதுதான், செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று தெரிய வருகிறது. அதைத் திருத்த எழுதிய கடிதம், வந்த பதில், அனுப்பிய பிரதி எல்லாம் ஒரே இடத்தில் திகதி வரிசையில் நின்றால் நடை பாதியாகக் குறையும். ஒருவர் பத்து வருடத்துக்கு முன் எழுதிய கடிதத்தைக் கேட்டால், பத்து வருடத்துக்கு முன் எழுதிய கடிதத்தைத்தானே காட்ட வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் நாங்கள் விசயவாரியாக அடுக்கியது சரி வரவில்லை. வருகிறவர்கள் “என் கடிதம் வந்ததா?” என்றுதான் கேட்கிறார்கள், “கல்வி போல்டரைத் திறங்கள்” என்று கேட்பதில்லை. ஆகவே ஆள்வாரியாக மாற்றினோம். அதிலும் ஒரு பிழை விட்டோம். போல்டருக்கு ஆளின் பெயரையே வைத்தோம். மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறவர் திரையைப் பார்த்து, “அந்த வீட்டுக்கும் கடிதம் வந்திருக்கா? என்னவாம்?” என்று கேட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக் கடிதமும் கோட்டுக் கடிதமும் வருகிற இடத்தில் இது சரியில்லை. இப்போது ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம்தான். எந்த இலக்கம் யாருடையது என்பது பூட்டிய லாச்சிக்குள் இருக்கும் கொப்பியில் இருக்கிறது. வீட்டில் இந்தத் தொல்லை இல்லை, விசயவாரியே நல்லது.

இனி அந்தத் தாயார் கேட்ட கேள்விக்கு வருவோம். கடிதம் எங்கே கிடந்தது?

எங்கள் விலாசம் ஜீமெயில் விலாசம். வருகிற கடிதம் முதலில் அவர்களுடைய கணினிக்குத்தான் போகும். விளம்பரம், மோசடி என்று சந்தேகப்படுவதை அங்கேயே ஸ்பாம் என்னும் போல்டரில் தள்ளிவிடுவார்கள். அநேகமாகச் சரியாகத்தான் தள்ளுவார்கள். ஆனால் ஒரே கடிதத்தை நூற்றுக்கணக்கான விண்ணப்பதாரிகளுக்கு ஒரே மூச்சில் அனுப்பினால் அதுவும் சில வேளை விளம்பரம் மாதிரித் தெரிந்துவிடும். ஸ்பாமில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு மேல் எங்கள் பிழை ஒன்று. தண்டர்பேர்ட் கடிதத்தை எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று பொப், மற்றது ஐமெப். பொப் என்பது தப்பால்காரர் பையை எடுத்து வருவது போல. இன்பொக்சில் உள்ளதை மட்டும் நம் கணினிக்கு இறக்கும். அங்கே ஸ்பாமில் கிடப்பதை எட்டிக்கூடப் பார்க்காது. ஐமெப் என்பது தபால் கந்தோரின் ஜன்னலைத் திறந்து உள்ளே பார்ப்பது போல. அங்கே உள்ள போல்டர்கள் எல்லாம், ஸ்பாம் உட்பட, இங்கேயும் தெரியும். எங்கள் கணினியில் ஆரம்பத்தில் யாரோ பொப் முறையில் போட்டுத் தந்திருந்தார்கள். நாங்கள் தினமும் திறந்து பார்த்தும் அந்தக் கடிதம் எங்கள் கண்ணுக்குப் பட வழியே இருக்கவில்லை. ஒரு நாள் தற்செயலாகப் போனில் ஜீமெயிலைத் திறந்தபோதுதான் கண்டோம்.

ஆகவே ஐமெப் முறையில் போடுங்கள். இன்னொரு வசதி, கணினியில் நீங்கள் திறந்த போல்டர் போனிலும் தெரியும். ஏற்கெனவே பொப்பில் உள்ளவர்கள் பழைய கணக்கை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். அதில் இறங்கிய பழைய கடிதங்கள் அந்தக் கணினியில் மட்டும்தான் இருக்கலாம். புதுக் கணக்கைப் பக்கத்தில் சேர்த்து, பழையதைப் பத்திரப்படுத்திய பிறகு யோசியுங்கள்.

ஸ்பாமில் நல்ல கடிதத்தைக் கண்டால் வாசித்துவிட்டு அங்கேயே விடாதீர்கள். இன்பொக்சுக்கு இழுத்துப் போடுங்கள். தண்டர்பேர்டும் தன் பங்குக்கு ஜங்க் என்று ஒரு போல்டர் வைத்திருக்கும். அதில் நல்லது விழுந்தால் நொட் ஜங்க் என்ற பொத்தானை அமுக்க வேண்டும். நாம் சொல்லச் சொல்ல அது பழகிக்கொள்ளும், புதுக் கணக்கப்பிள்ளை ஆட்களைப் பழகிக்கொள்வது போல.

சில பிள்ளைகள் ஃபில்டர் போடுவது பற்றிக் கேட்டார்கள். டூல்ஸ் என்பதில் மெசேஜ் ஃபில்டர்ஸ் என்று உண்டு. இன்னாரிடமிருந்து வந்தால் இன்ன போல்டரில் போடு என்று கட்டளை கொடுத்து வைக்கலாம். நல்ல வசதிதான். என்றாலும் எங்கள் அபிப்பிராயம், விளம்பரத்துக்கும் கடை அறிவித்தலுக்கும் மட்டும் இதைப் பாவியுங்கள். பரீட்சை, வேலை சம்பந்தப்பட்ட கடிதத்தைத் தானாக உள்ளே போக விட்டால், அது பெரட்டுக்கு வராமலே மலைக்குப் போன ஆள் மாதிரி. வந்ததே நமக்குத் தெரியாது.

அடுத்து சுத்தம் செய்தல். அழித்த கடிதம் ட்ராஷ் என்ற குப்பைக் கூடைக்குப் போகும். ஜீமெயிலில் அங்கேயும் 30 நாள் கணக்குத்தான், ஆகவே ட்ராஷை அலுமாரியாகப் பாவிக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், வைக்க இடமில்லை என்று அதில் வைத்திருந்த ஒருவர் எங்களுக்குத் தெரியும். தண்டர்பேர்டில் இன்னொரு விசயம். கடிதத்தை அழித்தாலும், வேறிடத்துக்கு மாற்றினாலும், பழைய போல்டரின் கோப்புக்குள் அது மறைந்து கிடக்கும். கணினியில் இடம் குறையாது. போல்டரின் மேல் வலது பொத்தானை அமுக்கி கொம்பெக்ட் என்பதைத் தெரிந்தால்தான் உண்மையில் கழியும். கவ்வாத்து வெட்டிய மிலாறை அள்ளுவது போன்ற வேலை இது. கொம்பெக்ட் நடக்கும்போது கணினியை அணைக்கக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். மலையில் கரண்டு எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்?

ஜீமெயிலில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜீபீ. போனில் இருந்து ஏறும் படங்களும் அதற்குள்தான் அடங்கும். கலியாண வீட்டு வீடியோவால் நிரம்பிவிட்டால் புதுக் கடிதம் வராமல் திரும்பிப் போய்விடும். இரண்டு வருடம் தொட்டே பார்க்காத கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்ற விதி 2023 டிசம்பரில் இருந்து இருக்கிறது. சாதாரணதரத்துக்காகத் திறந்து மறந்துவிட்ட விலாசம் உயர்தரம் முடியும்போது இல்லாமல் போகலாம்.

பிரதி எடுப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஹெல்ப் என்பதில் ட்ரபிள்ஷூட்டிங் இன்பர்மேசன் என்ற பக்கத்தைத் திறந்தால் புரொபைல் போல்டர் என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் உங்கள் கடிதங்கள் உள்ள இடம் திறக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த முழுப் போல்டரையும் பென் டிரைவில் கொப்பி செய்யுங்கள். உங்கள் கடவுச்சொற்களும் அதற்குள் இருக்கலாம், ஆகவே அந்தப் பென் டிரைவைப் பாட்டுக் கொப்பி செய்ய இரவல் கொடுக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ் இருக்கும் தகரப் பெட்டியிலேயே ஈரம் படாமல் வையுங்கள். வாசிகசாலைக் கணினியில் இப்படிச் செய்ய வேண்டாம், அங்கே தண்டர்பேர்டில் உங்கள் கணக்கைச் சேர்க்கவும் வேண்டாம். இணையத்தில் ஜீமெயில் பக்கத்தைத் திறந்து, பார்த்து முடிந்ததும் சைன் அவுட் செய்துவிட்டு எழும்புங்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கலாம். நாங்கள் தினமும் காலையில் பத்து நிமிடம் இன்பொக்சைக் கலைக்கிறோம், ஸ்பாமை ஒரு தரம் பார்க்கிறோம். சம்பள நாளுக்கு அடுத்து வரும் வேலை நாளில் இரண்டாம் போல்டரைப் பார்த்து விசாரிப்பது, கொம்பெக்ட் செய்வது, பிரதி எடுப்பது. வீட்டிலென்றால் இவ்வளவு தேவையில்லை. பதில் எதிர்பார்க்கிற காலத்தில் ஸ்பாமைத் தினமும் பாருங்கள், மற்ற வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை போதும். எங்கள் விலாசத்தைக் கொடுத்தவர்களுக்கும் சொல்லிவிட்டோம், கூடிய சீக்கிரம் சொந்த விலாசம் திறந்துகொள்ளுங்கள், திறக்க உதவி செய்கிறோம் என்று. உங்கள் கடிதத்தின் மீது உங்களுக்கு இருக்கிற கவலை எங்களுக்கு வராது.

அந்தத் தாயாரைப் பிறகு ஒரு நாள் கூப்பிட்டுத் திரையில் காட்டினோம். கடிதம் கிடந்த இடம் இதுதான் அம்மா என்றோம். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்றாலும் அந்த நாலு எழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சொந்த விலாசத்தில் 2024இல் மறுபடி விண்ணப்பித்தது. அழைப்புக் கடிதம் இந்த முறையும் அதே இடத்தில்தான் விழுந்தது. மகள் இன்பொக்சை மட்டும் பார்த்துவிட்டுப் போனை மூடப் போயிருக்கிறது. பக்கத்தில் இருந்த தாயார், “அந்த நாலெழுத்தையும் தொறந்து பாரு” என்று சொல்லியிருக்கிறார்.